அரை இடம்

உலகக் கோப்பைக் கால்பந்தின் இட ஒதுக்கீட்டில் 2022 வரை ஒரு விசித்திரமான எண் இருந்துவந்தது. ஐரோப்பாவுக்குப் பதின்மூன்று இடங்கள், தென்னமெரிக்காவுக்கு நான்கரை, ஆசியாவுக்கு நான்கரை, ஓசியானியாவுக்கு வெறும் அரை. அரை அணி மைதானத்தில் இறங்க முடியாது என்பதால், அந்த அரைகளை இணைத்து முழுமையாக்கப் 'பிளே ஆஃப்' ஆட்டங்கள் நடந்தன. ஒரு கண்டத்தில் நேரடி வாய்ப்பைத் தவறவிட்ட அணியோடு மற்றொரு கண்டத்தின் அணி மோதும். வென்றவருக்கு முழு இடம், தோற்றவருக்கு ஒன்றுமில்லை.

இலக்கணம் நடத்திப் பழகியவனுக்கு 'அரை' என்றதும் குற்றியலுகரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஒரு மாத்திரை ஒலிக்கவேண்டிய உகரம், தான் சார்ந்து நிற்கும் இடத்தின் காரணமாக அரை மாத்திரையாகக் குறுகிவிடுகிறது. ஓசியானியாவின் கதையும் ஏறத்தாழ இதுவே.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1974இல் உலகக் கோப்பையில் ஆடிய அந்த அணி, அடுத்த முறை அங்கே கால்வைக்க 32 ஆண்டுகள் காத்திருந்தது. இடையில் நான்கு முறை பிளே ஆஃப் வரை வந்து திரும்பியது: 1985இல் ஸ்காட்லாந்திடம், 1993இல் அர்ஜென்டினாவிடம், 1997இல் ஈரானிடம், 2001இல் உருகுவேயிடம். இவற்றுள் 1997 மிகக் கொடியது. மெல்போர்னில் 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி, ஆட்டம் முடியச் சுமார் கால் மணி நேரமே இருந்தபோது இரண்டு கோல்களை அடுத்தடுத்து வாங்கியது. இரு ஆட்டங்களிலும் ஆஸ்திரேலியா தோற்கவில்லை. எதிரணியின் மண்ணில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதியால் ஈரான் உள்ளே சென்றது.

2002 டிசம்பரில் ஃபிஃபா ஓசியானியாவுக்கு ஒரு முழு இடத்தை அறிவித்தது. 2003 ஜூனில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே 2005 நவம்பரில் மீண்டும் உருகுவே, மீண்டும் அரை இடம். மாண்டிவிடியோவில் 0-1 என்று தோற்று வந்த ஆஸ்திரேலியா, நவம்பர் 16 அன்று சிட்னியில் 80,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பிரெஷியானோவின் கோலால் கணக்கைச் சமன் செய்தது. பெனால்டிகளில் ஷ்வார்ட்சர் இரண்டைத் தடுத்தார். அலோய்சி அடித்த கடைசிப் பந்து வலைக்குள் சென்றபோது 32 ஆண்டுகள் முடிவுக்கு வந்தன. அந்த இரவின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகைக் காட்டியே அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்துவது எனக்கு உடன்பாடன்று.

கால்பந்தில் தோய்ந்த நண்பர் ஒருவர் கேட்பார்: "தென்னமெரிக்காவில் 18 கடும் ஆட்டங்கள் ஆடி ஐந்தாம் இடம் பெற்ற அணியையும், 2001இல் அமெரிக்கச் சமோவாவை 31-0 என்று வென்ற அணியையும் ஒரே தராசில் வைக்கலாமா?" கேள்வியில் நியாயம் உண்டு. 2013இல் நியூசிலாந்து மெக்சிகோவிடம் இரு ஆட்டங்களில் மொத்தமாக 3-9 என்று நொறுங்கியதையும் அவர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 2009இல் இதே பிளே ஆஃபில் பஹ்ரைனை வென்று சென்ற அதே நியூசிலாந்து, 2010 உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. நடப்புச் சாம்பியனாக வந்த இத்தாலியுடன்கூட 1-1 என்று சமன் செய்தது. அதுமட்டுமா, 2004இல் சாலமன் தீவுகள் ஆஸ்திரேலியாவையே அதன் சொந்த மண்ணில் 2-2 என்று நிறுத்தியது. பலவீனம் நிரந்தரக் குணம் என்று தீர்ப்பெழுதிவிட்டு, வாய்ப்பையும் மறுத்துவிட்டு, பின் முன்னேறவில்லையே என்று கேட்பது முறையாகுமா?

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1966 உலகக் கோப்பையின் 16 இடங்களில் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடமே இல்லை. அதன் வெற்றியாளர் ஆசியாவின் வெற்றியாளரோடு பிளே ஆஃப் ஆடவேண்டும் என்றது ஃபிஃபா. என்க்ருமாவின் கானா முன்னின்று எதிர்க்க, ஆப்பிரிக்க நாடுகள் தகுதிச் சுற்றையே புறக்கணித்தன. 1970இல் அக்கண்டத்துக்கு ஒரு முழு இடம் கிடைத்தது. 2022இல் மொராக்கோ அரையிறுதி வரை சென்றது. இடம் முதலில் வந்தது, வலிமை பின்னால் வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஓசியானியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. சிட்னி வெற்றிக்குப் பின், 2006 ஜனவரி 1 அன்று ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்புக்குப் பெயர்ந்துவிட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; முழு இடங்கள் உள்ள பக்கம் அது சென்றது. பெயர முடியாத சிறு தீவுகளும் நியூசிலாந்தும் அரை இடத்தோடு எஞ்சின.

2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள் என்று அறிவிக்கப்பட்டபோது, தரம் தாழ்ந்துவிடும் என்ற புலம்பல் எழுந்தது. வருமானக் கணக்கும் அதன் பின்னே இருந்ததை நான் அறிவேன். ஆனாலும் அந்த மாற்றத்தால் ஓசியானியாவுக்கு முதன்முறையாக உறுதியான முழு இடம் வந்தது. 2025 மார்ச் 24 அன்று ஆக்லாந்தில் நியூசிலாந்து, நியூ கலிடோனியாவை 3-0 என்று வென்று அதைப் பெற்றது. தோற்ற நியூ கலிடோனியாவுக்குக் கண்டங்களுக்கு இடையிலான பிளே ஆஃபில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது.

பிளே ஆஃப் இருக்கவேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாமவருக்கு இன்னொரு கதவாக அது இருக்கட்டும். தன் கண்டத்தை வென்று வந்த முதல்வனை வாசலிலேயே நிறுத்தி, உனக்கு உள்ளே வரத் தகுதி உண்டா என்று மறுபடியும் கேட்கும் காவலாக அது இருக்கவேண்டாம்.