வீட்டுச் சோதனையா? குழாய்ச் சோதனையா?

"மூலச் சூடும்மா. நாலு நாள் கருணைக்கிழங்கு தின்னா அடங்கிரும்."

இப்படிச் சொல்கிறார் மாமனார். அவருக்கு வயது 58. மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. வீட்டில் சொல்லக் கூச்சம். வேட்டி துவைக்கும்போது மருமகளே பார்த்துவிட்டாள்.

"வேண்டாம் மாமா. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்கிறாள் அவள்.

மகன் செல்போனைப் பார்த்துவிட்டு வருகிறான். "அப்பா, வீட்டிலேயே சோதிச்சுக்கிற பெட்டி இருக்காம். அதை வாங்கிப் பார்ப்போம். குழாய் விடுற சோதனை எல்லாம் எதுக்கு?" என்கிறான்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் மயிலாடும்பாறையிலும் கடமலைக்குண்டிலும் வருசநாட்டிலும் இப்படி ஒரு வீடு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மூவரில் யார் சொல்வது சரி? மருமகள் சொல்வதே சரி. ஏன் என்பதைப் பார்ப்போம்.

நோய் எப்படி வளருகிறது?

நம் வயிற்றில் சிறுகுடலுக்கு அடுத்தது பெருங்குடல். அதன் உட்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்னச் சதை முளைகள் தோன்றும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யா. சில மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து புற்றுநோய் ஆகும். இதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டு அளவுக்குக் காலம் பிடிக்கும்.

அந்தக் காலம் முழுவதும் வலி இருக்காது. ஆள் வயலுக்குப் போவார், வருவார். நோய் உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது. இந்த நோயின் ஆபத்தே இதுதான்.

ஆனால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறதே! முளையாக இருக்கும்போதே கண்டுபிடித்து எடுத்துவிட்டால், அது புற்றுநோய் ஆகாது.

வீட்டுச் சோதனை

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனை. ஒரு சிறு குச்சி கொடுப்பார்கள். அதனால் மலத்தை இரண்டு மூன்று இடத்தில் தொட்டு, சிறு புட்டியில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். சோதனைக் கூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். பட்டினி இல்லை. பேதி மருந்து இல்லை. வேலைக்கு விடுப்பும் வேண்டாம்.

குறை இல்லையா? உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014-ல் வெளியாயிற்று. புற்றுநோய் இருந்தவர்களில் 100-க்கு 74 பேரை இந்தச் சோதனை காட்டிக் கொடுத்தது. மீதி 26 பேர் தப்பிவிட்டார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய பெரிய முளைகள் இருந்தவர்களிலோ, 100-க்கு 24 பேரைத்தான் காட்டியது.

ஆகவே இதை ஒரு தடவை செய்தால் போதாது. ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

குழாய்ச் சோதனை

இதை டாக்டர்கள் "கொலோனாஸ்கோப்பி" என்பார்கள். நுனியில் காமிரா உள்ள, வளையக்கூடிய மெல்லிய குழாயை ஆசன வாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். முளை இருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். 1969-ல் நியூயார்க் நகரில் டாக்டர் உல்ஃபும் டாக்டர் ஷின்யாவும் இந்த முறையில் முளையை அகற்றிக் காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது.

பலர் பயப்படுவது போல அது பெரிய வேதனை அல்ல. பெரும்பாலும் மயக்க ஊசி போட்டே செய்கிறார்கள். ஆபத்து அறவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 10,000 பேருக்குச் செய்தால் சுமார் 3 பேருக்குக் குடலில் ஓட்டை விழலாம். சுமார் 15 பேருக்கு அதிக ரத்தப்போக்கு ஏற்படலாம்.

குடல் சுத்தமாக இருந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், சாதாரணமானவர்களுக்கு அடுத்த 10 ஆண்டுகளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.

எது சிறந்தது?

ஸ்பெயின் நாட்டில் 50 முதல் 69 வயது வரை உள்ள 57,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரைக் குழாய்ச் சோதனைக்கு ஒரே ஒரு தடவை அழைத்தார்கள். மற்றப் பிரிவினரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலச் சோதனைக்கு அழைத்தார்கள்.

முடிவு 2025-ல் வெளிவந்தது. குழாய்ச் சோதனைக்கு 100-க்கு 32 பேரே வந்தார்கள். மலச் சோதனைக்கு 40 பேர் வந்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், இந்த நோயால் இறந்தவர்களின் அளவு இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவுதான்.

குழாய் கூர்மையான கருவி. குச்சி எளிய கருவி. எளியதற்கு அதிகம் பேர் வந்ததால், அதுவும் ஈடு கொடுத்தது!

ஆனால், கவனியுங்கள். மலச் சோதனையில் ரத்தம் இருப்பதாகத் தெரிந்தவர்களை அந்த நாட்டில் சும்மா விட்டுவிடவில்லை. உடனே குழாய்ச் சோதனைக்கு அனுப்பினார்கள். குச்சி சல்லடை மாதிரி. பிரித்துக் கொடுக்கும், அவ்வளவே. நோயைக் கண்ணால் பார்த்துச் சொல்வது குழாய்தான்.

யாருக்கு எது?

ஒரு தொல்லையும் இல்லாதவர், குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வராதவர்: இவருக்கு வீட்டுச் சோதனை போதும். 45 வயதில் தொடங்கலாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2021-ல் கூறியது. நம் நாட்டில் இந்த நோய் மேல்நாடுகளைவிடக் குறைவு. ஆகவே டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெற்றோருக்கோ, உடன் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் வந்தவர்: இவருக்குக் குழாய்ச் சோதனையே ஏற்றது. 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். தகப்பனாருக்கு 45-ல் வந்திருந்தால், மகன் 35-லேயே போக வேண்டும்.

ரத்தம் போகிறவர், காரணமில்லாமல் உடல் இளைப்பவர், சோகை பிடித்தவர், மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பவர்: இவர்கள் வீட்டுச் சோதனையைத் தொடவே வேண்டாம். நேரே டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் கண்ணுக்கே தெரியும்போது, ரத்தம் உண்டா என்று குச்சியைக் கேட்பானேன்? குச்சி "இல்லை" என்று தவறாகச் சொல்லிவிட்டால், வீண் தைரியம் வந்து நோய் முற்றிவிடுமே!

மூலமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மூலம் என்று சொல்ல வேண்டியவர் டாக்டர், நாம் அல்ல.

மலையூருக்கு உள்ள சங்கடம்

நகரத்தில் இருப்பவர் காலையில் போய் மாலையில் திரும்பலாம். மயிலாடும்பாறைக்காரர் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். குழாய்ச் சோதனைக்கு முன்னால் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். பேதி மருந்தைக் குடித்துவிட்டு மலைப்பாதையில் பஸ் ஏற முடியுமா?

ஆகவே முதல் நாளே போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். இல்லையேல், முதல் நாளே படுக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

அரசு செய்ய வேண்டியது

நம் அரசுகள் வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்று இடத்துப் புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறியத் திட்டம் வைத்திருக்கின்றன. பெருங்குடலுக்கு நாடு தழுவிய திட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்டால் என்ன? ரத்தம் போகிறதா? உடல் இளைக்கிறதா? குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? இதற்குக் காசு செலவில்லை.

குச்சிகளை வழங்குவது பிறகு ஆகட்டும். ரத்தம் தெரிந்தவருக்குக் குழாய்ச் சோதனை எங்கே, எந்தத் தேதியில் என்று சொல்ல முடிந்த பிறகே குச்சியைக் கொடுக்க வேண்டும். வழியைக் காட்டாமல் பயத்தை மட்டும் கொடுப்பது நியாயம் அல்ல.

மயிலாடும்பாறைப் பக்கம் இலவ மரங்கள் நிறைய உண்டு. காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளியின் கதையை அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தானாக அடங்கும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவரும் அந்தக் கிளியைப் போலத்தான். காய் வெடித்துப் பஞ்சு பறந்த பிறகு வருந்தி என்ன பயன்?

கருணைக்கிழங்கு குழம்புக்கு ருசி. தாராளமாகச் சாப்பிடுங்கள், மாமா! ஆனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மருமகளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.