கேள்வி யாருக்காக?



தொலைக்காட்சியில் வரும் வினாடி வினா நிகழ்ச்சிகளை நம் குடும்பங்கள் விரும்பிக் காண்கின்றன. பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக அமர்ந்து விடையை உரக்கச் சொல்வதும், போட்டியாளர் தவறிவிட்டால், “இதுகூடத் தெரியவில்லையே!” என்று கடிந்துகொள்வதும் நமக்குப் புதிதல்ல. இவ்வாறு நம்மை வாய் திறக்க வைப்பது தற்செயலன்று. இன்ன மக்கள் காண்பார்கள், அவர்களுக்கு இன்ன விதிகள் பொருந்தும் என்று பலர் கூடி வகுத்த வடிவமே அதைச் செய்கின்றது. அவ்வடிவம் எங்ஙனம் உருவாகின்றது, அதை உருவாக்குவோர் எவ்விடத்தில் வழுக்குகின்றனர் என்பதை இத்திங்கள் சற்றே ஆராய்வோம்.

1955-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘64,000 டாலர் கேள்வி’ என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. அதற்கு முன்னர் வானொலியில் நடைபெற்ற ஒரு போட்டியின் உச்சப் பரிசு வெறும் 64 டாலரே. அதனை ஆயிரம் மடங்காக்கி, ஒவ்வொரு விடைக்கும் பரிசு ஏறக்குறைய இரட்டிப்பாகும்படி அமைத்தனர். வேறொரு நுட்பமும் அதில் இருந்தது. போட்டிக்கு வந்தவர்கள் அண்டை வீட்டாரைப் போன்ற எளிய மனிதர்கள். ஆனால் அவர்கள் தேர்ந்திருந்த துறையோ எவரும் எதிர்பாராதது. காலணி செப்பனிடும் தொழிலாளி இசை நாடகங்களில் வல்லவராய் இருந்தார். கடற்படை வீரர்ப் பிரிவின் தலைவர் ஒருவர் சமையற்கலையில் விடை கூறி முழுத் தொகையையும் வென்றார். உளநூல் கற்ற பெண்மணி ஒருவர் குத்துச்சண்டையில் வென்றார். வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அக்கேள்விகளில் பலவற்றிற்கு விடை தெரியாது. எனினும், “நம்மைப் போன்ற ஒருவருக்கு இவ்வளவு தெரிகிறதே!” என்ற வியப்பே அவர்களை இருக்கையில் இருத்தியது.

இந்த வெற்றியைக் கண்டு மறு ஆண்டு செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘இருபத்தொன்று’ என்னும் போட்டி தோன்றிற்று. இருவர் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுகளில் நிற்பர். ஒருவர் பெற்ற மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. 1 முதல் 11 வரை மதிப்பெண் உள்ள கேள்விகளில் எதனையும் கேட்டுப் பெறலாம். மதிப்பெண் உயர உயரக் கேள்வியும் கடினமாகும். முதலில் 21-ஐ எட்டுபவரே வெற்றியாளர். தாளில் படித்தால் நல்ல விளையாட்டாகவே தோன்றுகின்றது. ஆனால் முதல் நாள் ஒளிபரப்பில் போட்டியாளர்கள் கேள்விக்குப் பின் கேள்வியாகத் தவறவிட்டு நின்றனர். பார்த்தவர்களுக்குச் சலிப்பு. பணம் கொடுத்த மருந்து நிறுவனத்தாருக்கோ சினம்.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டும். நிகழ்ச்சி சலிப்பூட்டுகிறது என்ற விளம்பரதாரரின் குறை பொய்யன்று. கேள்விகளின் தரம் போட்டியாளருக்குப் பொருந்தவில்லை. பார்ப்பவர் பங்கேற்கவும் அதில் வழியில்லை. கேள்விகளை மாற்றியிருக்கலாம், விதிகளை மாற்றியிருக்கலாம், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் மாற்றியிருக்கலாம். தயாரிப்பாளர் டான் என்ரைட் இவற்றில் எதனையும் செய்யவில்லை. விடைகளை முன்கூட்டியே கொடுத்து, யார் வெல்வது, யார் தோற்பது என்பதையும் தாமே தீர்மானித்தார்.

ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் அவ்வாறு வெல்ல வைக்கப்பட்டவர். பொருந்தாத உடையை அணிய வேண்டும், முடியை இன்னவாறு வெட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அவருக்குக் கட்டளை. ஏழை மாணவன் போராடி வெல்வதாக மக்கள் எண்ண வேண்டுமாம்! பின்னர் மக்களுக்கு அவர் முகம் அலுத்துவிட்டது என்று கருதி, கொலம்பியா பல்கலைக்கழக விரிவுரையாளர் சார்லஸ் வான் டோரனைக் கொண்டுவந்தனர். ஸ்டெம்பல் தோற்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1955-ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படமாக ஆஸ்கார் விருது பெற்றது எது என்பது அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று. ‘மார்ட்டி’ என்பது விடை. அது அவர் மிகவும் நேசித்த படம். அறிந்த விடையை மறைத்து, வேறொரு படத்தின் பெயரைச் சொல்லித் தவறும்படி அவரைப் பணித்தனர்; அவரும் அவ்வாறே செய்தார். கோடிக்கணக்கானோர் முன்னிலையில் தெரிந்ததைத் தெரியாதென நடிக்க நேர்ந்த அந்த அவமானம் அவரை விட்டு நீங்கவில்லை. ஏமாற்றத்தை வெளிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அவரே.

வான் டோரன் 1,29,000 டாலர் வென்று புகழின் உச்சியில் இருந்தார். 1959 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, தாமும் அந்த ஏமாற்றத்தில் பங்குகொண்டதை ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகப் பணியும் தொலைக்காட்சிப் பணியும் பறிபோயின. வியப்பு யாதெனில், அந்நாளில் வினாடி வினாவை முன்னேற்பாடாக நடத்துவதைக் குற்றம் என்று கூறும் சட்டமே அங்கு இல்லை. 1960-இல்தான் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது.

இதற்குப் பின் சில ஆண்டுகள் அந்நாட்டில் இத்தகைய போட்டிகளுக்கு மதிப்பில்லாது போயிற்று. “போட்டியாளருக்கு விடையைக் கொடுத்துவிடுகிறார்கள்” என்பதே மக்களின் குற்றச்சாட்டு. “அப்படியானால் விடையையே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேளுங்களேன்” என்று மெர்வ் கிரிஃபின் என்பவரின் மனைவி வேடிக்கையாகச் சொல்ல, அதிலிருந்து 1964-இல் ‘ஜெபர்டி’ என்னும் நிகழ்ச்சி பிறந்தது. இல்லத்தரசியரின் கூர்மதியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

சலிப்பை நேர்மையான வழியில் வென்ற வடிவம் ஒன்றைக் காட்டுக என்று கேட்டால், 1998 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஐ.டி.வி.யில் தொடங்கிய கோடீசுவரப் போட்டியையே நாம் காட்டுவோம். பதினைந்து கேள்விகள், 100 பவுனில் தொடங்கிப் பத்து இலட்சம் பவுன் வரை. தொடக்கக் கேள்விகள் குழந்தைக்கும் தெரிந்தவை. அவை எளிமையாயிருப்பது வீட்டில் உள்ளவர்களும் துணிந்து வாய் திறப்பதற்காக. நான்கு விடைகள் திரையில் தோன்றுவதால், ஒன்றும் அறியாதவரும் ஏதேனும் ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம். ஆயிரத்திலும் 32,000-த்திலும் பாதுகாப்பான படிகள் உண்டு. நண்பரைத் தொலைபேசியில் அழைக்கலாம், அவையோரைக் கேட்கலாம், நான்கில் இரண்டு தவறான விடைகளை நீக்கச் சொல்லலாம். இவை அனைத்தினும் சிறந்த விதி வேறொன்று. கேள்வியைக் கண்ட பின்னரும், விடை கூறாமல் பெற்ற தொகையுடன் விலகிக்கொள்ளலாம். இந்த ஒரு விதியால், கேள்வி அறிவைச் சோதிப்பதோடு நில்லாமல், மனிதரின் ஆசையையும் அச்சத்தையும் நம் கண்முன் நிறுத்துகின்றது. எவரையும் நடிக்கச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. (பங்குபெற விரும்பியோர் கட்டணம் மிகுந்த தொலைபேசி அழைப்பின் வழியே பெயர் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரிசுப் பணத்திற்கு அந்த அழைப்புகளும் கை கொடுத்தன. நேயரின் பணப்பையும் வடிவத்தின் ஒரு பகுதியே!)

நம் நாட்டிலும் இப்பாடத்தைக் கற்றவர்கள் உண்டு. 1985-இல் தூர்தர்சனில் கல்லூரி மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் ‘குவிஸ் டைம்’ நடத்திய சித்தார்த்த பாசுவே, 2000-ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்தத் தொடங்கிய இந்திக் கோடீசுவரப் போட்டியையும் உருவாக்கினார். முன்னதில் விரைவும் நுனிநாக்கு ஆங்கிலமும். பின்னதில் நிதானமும் மரியாதையான இந்தியும். மனிதர் ஒருவரே, யாருக்காக என்பது மாறியதும் எல்லாமே மாறிற்று. அதே ஆண்டில் தமிழிலும் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’ சன் தொலைக்காட்சியில் வந்தது. 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்தினார்.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ்த் தொலைக்காட்சி இவ்வடிவத்தை மேலும் குறுக்கிப் பெண்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. ‘கோடீஸ்வரி’ என்று பெயரிட்டு, ராதிகா சரத்குமாரை நடத்த வைத்தனர். (கணவர் நடத்தியதை மனைவி நடத்தியது ஓர் இனிய பொருத்தம்.) பெண்களை மட்டும் தனியே பிரிப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று சிலர் கேட்கலாம். கேள்விகளைத் தாழ்த்தியிருந்தால் அது சிறுமையே. கேள்வியின் தரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வாசலை மட்டும் அகலத் திறந்தால் அதை நாம் குறை கூற மாட்டோம். கணவரோ தமையனோ முன்னே செல்லத் தாம் பின்னே நின்று பழகிய பல பெண்களுக்கு, “உங்களுக்காகவே இந்த நாற்காலி” என்று சொல்வது ஒரு பெரிய அழைப்பு.

2020 ஜனவரியில் அந்த நாற்காலியில் மதுரையைச் சேர்ந்த நீதிமன்ற ஊழியரான ஒரு பெண்மணி அமர்ந்தார். அவரால் கேட்கவும் இயலாது, பேசவும் இயலாது. கேள்வி எழுத்தில் திரையில் தோன்றுகின்றது. விடையோ நான்கு எழுத்துகளில் ஒன்று. எனவே செவியும் நாவும் துணை நில்லாத ஒருவரும் அவ்விளையாட்டில் பிறருக்கு நிகராக நிற்க இயன்றது. இங்கிலாந்தில் இதை வகுத்தவர்கள் அவரை எண்ணி வகுத்திருக்க மாட்டார்கள். அவர் பதினைந்து கேள்விகளுக்கும் விடையளித்து ஒரு கோடி ரூபாயை வென்றார்.