கையெழுத்து மாறினால் ஒப்பந்தம் செல்லாதா?

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டு போகும். மாலையில் திரும்பி வரும். வேலை மலைமேல், வீடு மலையடியில். பலருக்கு அது வாடகை வீடு.

அப்படி வேலைக்குப் போகும் ஓர் அம்மாளை நினைத்துப் பாருங்கள். வீடு பிடித்தபோது முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார்கள். முதல் பக்கத்தில் அவர் எழுத்துக் கூட்டி முழுப் பெயரையும் எழுதினார். அதற்குள் தெருவில் ஜீப் வந்து நின்று ஒலி எழுப்பியது. அவசரத்தில் அடுத்த பக்கத்தில் பாதிப் பெயர்தான் விழுந்தது. வங்கியிலோ அவருக்குக் கைநாட்டுதான் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தொடங்கியபோது அவர் எழுதப் படித்திருக்கவில்லை.

வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார்.

"பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேறாக இருக்கிறதே அம்மா! இந்தப் பத்திரம் செல்லாது. இதை வைத்துக்கொண்டு என்னிடம் பணம் கேட்க முடியாது" என்கிறார் வீட்டுக்காரர்.

அந்த அம்மாள் பயப்பட வேண்டுமா? வேண்டாம்.

சம்மதமே முக்கியம்

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் என்ன கேட்கிறது? இருவரும் வயது வந்தவர்களா, தெளிந்த மனத்தோடு இருந்தார்களா, யாரும் மிரட்டாமல், ஏமாற்றாமல் சம்மதித்தார்களா என்று கேட்கிறது. ஒரு கையெழுத்து மற்றொன்றைப் போலவே அச்சடித்தாற்போல் இருக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. எழுதத் தெரியாதவர் இடும் அடையாளமும் கையெழுத்துக்குச் சமம் என்று 1897-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. கைநாட்டே செல்லும்போது கோணல் கையெழுத்து செல்லாமல் போகுமா?

"கையெழுத்து மாறினால் செக் திரும்பி வருகிறதே!" என்று சிலர் கேட்கலாம். அது வேறு. செக்கை எழுதியவர் வங்கியின் முன்னால் நிற்பதில்லை. தன்னிடம் உள்ள மாதிரியைப் பார்த்துத்தான் வங்கி பணம் கொடுக்கிறது. வாடகை ஒப்பந்தமோ இரண்டு பேர் நேருக்கு நேர் பேசி முடிப்பது.

கள்ளக் கையெழுத்து

ஆனால் ஒருவர் பெயரை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போட்டால், அது கள்ளக் கையெழுத்து. அது அவரைக் கட்டுப்படுத்தாது. போட்டவர் சிறைக்குப் போக நேரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "கையெழுத்து எப்படி இருக்கிறது?" என்பதல்ல, "போட்டது யார்?" என்பதே.

சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க நீதிமன்றத்துக்கு வழி உண்டு. அவருடைய எழுத்தைப் பார்த்துப் பழகியவரை விசாரிக்கலாம். நிபுணரின் கருத்தைக் கேட்கலாம். அவர் ஒப்புக்கொண்ட வேறு கையெழுத்தோடு நீதிபதியே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இவை இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கின்றன.

கையெழுத்தை விடப் பெரிய சாட்சி, நடந்த நடப்பு. சாவியைக் கொடுத்தார், குடியேறினார், மாதாமாதம் வாடகை கொடுத்தார், இவர் வாங்கினார். இத்தனையும் நடந்த பிறகு "ஒப்பந்தமே இல்லை" என்றால் யார் நம்புவார்கள்? கேரளத்து வழக்கு ஒன்றில், ஐந்து வருட வாடகைப் பத்திரம் பதிவு செய்யப்படவில்லை. அதனால் அந்தப் பத்திரம் நிற்கவில்லை. ஆனாலும் இடத்தை ஒப்படைத்து வாடகையும் வாங்கியதால் மாத வாடகை உறவு உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உண்மையான ஓட்டை எது?

பலர் கையெழுத்தின் சுழியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். 11 மாதம் என்று எழுதும் வழக்கம் இதனால் வந்ததுதான். அதோடு, தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள சட்டப்படி, நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். போடி ஒரு நகராட்சி. இந்தச் சட்டம் போடிக்கும் உண்டு. இதைச் செய்யாமல் விடுவதுதான் ஓட்டை.

கையெழுத்துத் தகராறே வராமல் தடுப்பதும் எளிது. எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி கையெழுத்துப் போடுங்கள். எழுத்துப் புதிதாகப் பழகியவர், பக்கத்திலேயே பெருவிரல் ரேகையும் வைக்கலாம். வாடகை ஒப்பந்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்து கட்டாயம் இல்லை; ஆனாலும் இரண்டு பேர் போட்டிருந்தால் நல்லது. ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் ரசீது வாங்குங்கள். ஏற்கனவே கையெழுத்து மாறியிருந்தால், "இரண்டும் என் கையெழுத்தே" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. வாடகைப் பாக்கியைக் கேட்டால் "அது என் கையெழுத்தே இல்லை" என்று கைவிரிக்கும் குடித்தனக்காரர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே பதில்தான்.

கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டால், முதலில் எழுத்து கோணலாகத்தான் வரும். போகப் போகத் திருந்தும். ஆகவே அவர் கையெழுத்து மாறத்தான் செய்யும். அதற்காக நாம் மகிழவேண்டும். அதையே சாக்காக வைத்து, உழைத்துச் சேர்த்த அட்வான்ஸை அமுக்க நினைப்பது அநியாயம். கையெழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை, மனம் கோணக்கூடாது.