கட்டில் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் 1 வந்தால் எங்கட நாட்டில் இரண்டு காரியம் நடக்கும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இனிப்புக் குடுப்பார்கள். பேப்பர்களில் சிறுவர் துஷ்பிரயோக முறைப்பாடுகள் எத்தனை என்று ஓர் எண் வரும். எண் கூடினால் 'சமூகம் சீரழியுது' என்று ஒரு தலையங்கம். குறைந்தால் 'நடவடிக்கைகள் பலன் தருகின்றன' என்று ஓர் அதிகாரியின் பேச்சு. இரண்டுமே பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுறன்.

முறைப்பாட்டு எண் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை மட்டுமே காட்டும். எத்தனை பிள்ளைகளுக்கு அடி விழுந்தது என்பதைக் காட்டாது. 1929க்கு ஒரு பிள்ளை கோல் எடுக்க முதலில் கையில் போன் வேண்டும், பக்கத்தில் அடிக்கிற ஆள் நிற்கக்கூடாது, எடுத்தால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பிள்ளையின் முதுகில் இருக்கிற தழும்பைக் காண ஒரு ரீச்சரும் இல்லை. அப்படியான காலத்தில் முறைப்பாடு குறைந்தால் அதைப் பாதுகாப்பு என்று வாசிப்பதா? நம்பிக்கை கூடினாலும் எண் கூடும், கொடுமை கூடினாலும் எண் கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டாத எண்ணை வைத்து மேடையில் பெருமை பேச ஒன்றும் இல்லை.

சிறுவர் இல்லங்களுக்கு வருவோம். நான் கொஞ்சக் காலம் ஓர் இல்லத்தில் பின்னேரங்களில் கணக்குப் படிப்பித்தனான். அங்கே மேற்பார்வைக்கு வந்தவர்கள் கட்டில், மலசலகூடம், நுளம்பு வலை எல்லாம் எண்ணிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறன். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகொரு நாள் பத்து வயதுப் பொடியன் ஒருவன் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, உங்களுக்குக் கணக்கு வரும்தானே. நான் இன்னும் எத்தினை நாளில வீட்ட போவன் எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அந்தக் கணக்குக்கு என்னிடம் விடை இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டன், அவரிடமும் இல்லை. அவனுக்கு அம்மா இருந்தா.

இது அவன் ஒருவனின் கதை இல்லை. இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, அம்மா வெளிநாட்டில் வேலை, மறுமணம், பள்ளிக்கூடம் தூரம், இப்படித்தான் காரணங்கள் வரும். அப்படியென்றால் ஒரு இல்லத்தின் வெற்றியை எதை வைத்துப் பார்க்க வேண்டும்? எத்தனை பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு திரும்பினார்கள் என்பதை வைத்துத்தானே? நாங்களோ எத்தனை கட்டில் நிரம்பியிருக்கு என்று பார்க்கிறோம். காசு தலைக்கணக்கில் வருகிற இடத்தில் வெறுங்கட்டில் என்றால் நட்டம். பிள்ளை வீட்ட போனால் நட்டப்படுகிற ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, பிள்ளையின் நலன் என்று பேசுகிறோம்.

கணக்கு ஏன் இல்லை? ஒரு பிள்ளையின் கதை பல மேசைகளில் சிதறிக் கிடக்கு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, அது கொழும்பின் கையில். நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 1987இன் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்கு வந்த விடயம். பொலிஸுக்கு ஒரு கோவை, நீதிமன்றத்துக்கு ஒரு கோவை, பிரதேச செயலகத்தில் இன்னொன்று. ஒவ்வொருவரும் தங்கட மேசையைத் தாண்டிப் போன கோவைகளை எண்ணுறார்கள். பிள்ளை கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எண்ண ஒரு மேசையும் இல்லை.

வேறு நாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 2001இல் தொடங்கி ஒவ்வொரு மாநிலத்தின் சிறுவர் நல அமைப்பையும் மத்திய அரசு ஏழு விளைவுகளை வைத்துச் சோதித்தது. முறைப்பாடு வந்த பிள்ளைக்குத் திரும்பவும் கொடுமை நடந்ததா, பிள்ளையை எத்தனை தரம் இடம் மாற்றினார்கள், நிலையான வீடு கிடைக்க எவ்வளவு காலம் எடுத்தது என்றெல்லாம் கேட்டார்கள். முதற் சுற்றில் ஒரு மாநிலம்கூட ஏழிலும் தேறவில்லை. அங்கே எல்லாம் திருந்திவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தோல்வி எழுத்தில் வெளிவந்தது. எங்களிடம் தோற்பதற்குக்கூட ஒரு பரீட்சை இல்லை.

'எண்ணத் தொடங்கினால் எண்ணுக்காகவே வேலை செய்வார்கள்' என்று சிலர் சொல்லுவினம். நியாயமான பயம். வீடு திரும்பியவர்களை மட்டும் எண்ணினால், அடிக்கிற தகப்பனிடமே பிள்ளையைத் தள்ளிவிட்டு 'இலக்கு எட்டியாச்சு' என்று எழுதலாம். அதனால்தான் எண்களைச் சோடியாகக் கேட்க வேணும்: எத்தனை பேர் திரும்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி இல்லத்துக்கு வந்தார்கள். 'ஆள் பற்றாக்குறை, கணக்கெழுத எங்கே நேரம்' என்பது அடுத்த சாட்டு. ஓர் உத்தியோகத்தரின் தலையில் எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணை வெளியிடுங்கோ. உங்கட பற்றாக்குறைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன?

நாங்கள் கேட்பது பெரிய மென்பொருள் இல்லை. மாவட்டம் தோறும், வருசம் தோறும் ஐந்து எண்கள். முறைப்பாடு வந்து முதல் ஆள் பிள்ளையை நேரில் பார்க்க எத்தனை நாள்? அதே பிள்ளைக்கு மறுபடி முறைப்பாடு வந்ததா? இல்லத்தில் சராசரியாக எத்தனை மாதம்? திரும்பியவர்களும் மறுபடி வந்தவர்களும் எத்தனை? 18 வயதில் வெளியே போனவர்கள் ஒரு வருசத்துக்குப் பிறகு எங்கே?

பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். சின்ன ஊரில் ஒரு பிள்ளையின் கதை வெளியில் வந்தால் அது இரண்டாவது கொடுமை. எண் மட்டும் போதும்.

அடுத்த ஒக்டோபர் 1இல் யாராவது மேடையேறி முறைப்பாட்டு எண்ணை வாசித்தால், கைதட்ட முதல் எழும்பிக் கேளுங்கோ: "அதில எத்தினை பிள்ளை வீட்ட போய்ச் சேர்ந்தது?" அந்தப் பொடியன் கேட்ட கணக்கும் அதுதான். அவனுக்கு இன்னும் ஒருத்தரும் விடை சொல்லவில்லை.