ரிசல்ட் நாளோடு முடிவதில்லை நம் அரசியல்

"எனக்கு அரசியல்லாம் பெருசா கிடையாது அக்கா. எலெக்‌ஷன் வந்தா மட்டும் இன்ட்ரஸ்ட்டா பார்ப்பேன்."

மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வரும் கல்லூரித் தம்பி இப்படிச் சொன்னான். பொய்யில்லை. எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம், எந்தக் கூட்டணி எங்கே உடையும், எந்தத் தொகுதியில் எந்தச் சாதி ஓட்டு எவ்வளவு என எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உங்க வார்டு நம்பர் என்ன?" தெரியவில்லை. அவன் அம்மா புறநகரில் ஓர் உள்ளாட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவருக்கு ஒருநாள் கூலி எவ்வளவு என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்பதும் தெரியவில்லை.

தோழர்களே, அந்தத் தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேர்தலைக் கிரிக்கெட் மாதிரி பார்க்கத்தான் நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறார்கள். பார்ப்பதில் தப்பும் இல்லை. ஆனால் மேட்ச் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் போக வசதியுள்ளவர்கள் வேறு ஆட்கள். குடிநீர் லாரியும், கழிவுநீர்த் தொட்டியும், அம்மாவின் சம்பளமும் அரசாங்கத்தின் கையெழுத்தை நம்பி இருக்கிறவர்களுக்கு ஆட்டம் ரிசல்ட் நாளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். 2022 பிப்ரவரி 19இல் முதல் தேர்தல். மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4இல் 25 வயதான வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயர் ஆனார். அதே நாளில் சென்னை மாநகராட்சியில் பிரியா மேயர் ஆனார். அந்த மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர் அவர். அன்று நம் குடியிருப்புகளில் வெடி வெடித்தார்கள், கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அந்த மகிழ்ச்சி சின்ன விஷயமே இல்லை. 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியான ஒரு ஊராட்சியில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தலைவர் தேர்தலையே முறையாக நடத்த விடவில்லை. ஆகவே "யார் உட்கார்ந்தால் என்ன" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த நாற்காலிக்கு நம் மக்கள் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் நாற்காலி கிடைத்தவுடன் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். அந்த இரு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போவதை எதிர்த்தும், பணிநிரந்தர வாக்குறுதியை நினைவூட்டியும் போராடினார்கள். பெரும்பாலோர் நம் பெண்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களைப் பிடித்து அப்புறப்படுத்தியது. மாளிகைக்கு உள்ளே மேயர் நாற்காலியில் ஒரு தலித் பெண், வெளியே நடைபாதையில் நூற்றுக்கணக்கான தலித் பெண்கள். இதை ஒரு தனிமனிதரின் துரோகம் என்று சுருக்கிவிட முடியாது. இப்படிப்பட்ட கொள்கை முடிவுகள் ஒரு மேயரின் கையில் மட்டும் இல்லை. கட்சித் தலைமை, துறைச் செயலகம், ஆணையர், டெண்டர் கோப்பு என்று பல கைகளில் இருக்கின்றன. ஒதுக்கீடு நமக்கு நாற்காலியைத் தந்தது. கோப்பில் என்ன எழுதப்படுகிறது என்று கவனிக்கும் வேலையை அது செய்யாது. அது நம் வேலை.

அதற்குக் கருவிகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. நம் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. கேமரா இல்லாத நாட்களிலும் அப்படிக் கூட்டத்தை நிரப்பப் போவது யார்? 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதியை ஒதுக்கி, அதை நமக்கே செலவிட வேண்டும் என்பதற்கான சட்டம் அது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். எக்ஸிட் போல் கணக்கை மனப்பாடமாகச் சொல்கிற நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரியும்?

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் "நம் வார்டில் தொட்டி சுத்தம் செய்ய மனிதரை இறக்குவதைத் தடுக்க என்ன செய்வீர்கள்?" என்று நாம் கேட்டிருக்கிறோமா? ரோடு கேட்கிறோம், லைட் கேட்கிறோம். உயிரைக் கேட்க மறந்துபோகிறோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தூய்மைப் பணி ஒப்பந்தத்தின் நகல், அதில் எழுதியுள்ள கூலி, எத்தனை பேருக்குப் பணம் போகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளை ஒரே தாளில் கேட்கலாம். படித்த பிள்ளை வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

அடுத்த வாரம் தம்பி வகுப்புக்கு வந்தபோது வார்டு நம்பரைச் சொன்னான். கவுன்சிலர் பெயரையும் சொன்னான். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "எப்படி ஆரம்பிக்கணும் அக்கா?" என்று கேட்டான். "அனுப்புநர் என்று எழுது. கீழே அம்மா பெயர் வேண்டாம், வேலைக்கு ஆபத்து வரும். உன் பெயரைப் போடு" என்றேன். போட்டான்.

ஜெய்பீம்.