பழைய கார்களுக்கு உள்ளேயும் கொஞ்சம் பாருங்கள்

பெங்களூரில் பழைய கார்கள் ஊர்வலம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தமிழ்க் குடும்பங்களை நிறையவே பார்க்கலாம். பிள்ளைகள் பானெட்டைச் சுற்றி நிற்பார்கள். அப்பாக்கள் என்ஜினைப் பற்றிப் பேசுவார்கள். நானோ கதவுக்குள் தலையை நீட்டி இருக்கையைப் பார்ப்பேன். 36 ஆண்டுகள் ரயில் பெட்டிப் பணிமனையில் இருந்தவனுக்கு இந்தப் புத்தி போகாது. பார்த்ததும் பல நேரங்களில் மனசு சுருங்கிவிடுகிறது. வெளியே 1948, உள்ளே சென்ற மாதம் ஜே.சி. ரோட்டில் தைத்த டயமண்ட் தையல்!

2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வயது கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி நம்பர் கிடைக்கும். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது விதி. நல்ல விதிதான். ஆனால் இருக்கை, கதவு உறை, டாஷ்போர்டு, தரைவிரிப்பு பற்றி அதில் பேச்சில்லை. ஆகவே உள்வேலைப்பாட்டைக் காப்பாற்றுவது உரிமையாளரின் மனசாட்சி ஒன்றுதான். அது போதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

எம்.ஜி. டி.சி. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள்தான் செய்தார்கள். உட்காரும் பகுதிக்கு அசல் தோல், மற்ற இடங்களுக்கு ரெக்சின். இன்று நாம் எல்லாச் செயற்கைத் தோலையும் ரெக்சின் என்கிறோம். உண்மையில் அது மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் தயாரான சரக்கின் வியாபாரப் பெயர். துணியின் மேல் செல்லுலோஸ் பூச்சுப் பூசித் தோல் போல வரி அழுத்தியது. இப்போது கடையில் கிடைப்பதோ பி.வி.சி. விலை மலிவு, மழைக்கும் தாங்கும். ஆனால் அதன் பளபளப்பு வேறு, மடிப்பு வேறு. பழைய ரெக்சினைத் தொட்டுப் பழகிய கைக்கு இருட்டிலும் தெரிந்துவிடும்.

இந்தக் காரின் பாடி ஆஷ் என்ற மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திக் கட்டியது. உள் உறைகளைச் சிறு ஆணியால் அந்த மரத்தில்தான் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறை பிய்த்துத் தைக்கும்போதும் மரத்தில் புதுத் துளைகள். நாலு முறை செய்தால் ஆணி நிற்க இடமிராது. அழகுக்காகச் செய்த வேலை கடைசியில் பாடியையே தளர்த்திவிடும்.

டாஷ்போர்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஓட்டுபவர் எதிரே இருப்பது என்ஜின் சுற்றுகளைக் காட்டும் மீட்டர். வேகம் காட்டும் மீட்டர் பக்கத்து இருக்கைக்கு எதிரே! வீட்டுக்காரி உடன் வந்தால் தப்ப முடியாது. இது தொழிற்சாலையின் தவறு என்று நினைத்து யாரேனும் இடம் மாற்றினால், அந்தக் காரின் குணமே போயிற்று.

அதிலும் ஆரம்ப கால வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. ஜாகுவார் ஈ-டைப் 1961-இல் வந்தபோது டாஷ்போர்டின் நடுப்பகுதி புள்ளி அச்சுப் போட்ட அலுமினியத் தகடு. 1963 வாக்கில் அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள். முதல் வண்டிகளில் தரை தட்டையாக இருந்தது. உயரமானவர்களின் காலுக்கு வசதியில்லை என்று 1962-இல் பள்ளம் வைத்தார்கள். இந்தத் தகடும் தரையும்தான் அந்த வண்டியின் ஜாதகம். தகடு தேய்ந்துவிட்டது என்று பிந்தைய கறுப்புப் பலகையைப் பொருத்தினால் ஜாதகத்தைத் திருத்தி எழுதியதாகத்தான் அர்த்தம்.

ரயில் பெட்டி பெரிய பராமரிப்புக்கு வந்து போனால் எந்தப் பணிமனை, எந்தத் தேதி என்று பெட்டியின் முனையிலேயே எழுதிவிடுவோம். லட்சக்கணக்கில் செலவு செய்து கார் புதுப்பிப்பவர்கள் எத்தனை பேர் ஒரு நோட்டுப் புத்தகமாவது வைத்திருக்கிறார்கள்?

எல்லாவற்றையும் மக்கவிட்டு வைக்கச் சொல்லவில்லை. துணி சுற்றிய பழைய வயர்களை மாற்றத்தான் வேண்டும். தீ விபத்தில் விளையாட முடியாது. இருக்கை கிழிந்து கம்பி குத்தினால் தைக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள். கதவுக் கைப்பிடிக்கு அடியில், டாஷ்போர்டின் பின்புறத்தில் வெயில் படாத துண்டு இருக்கும். முதல் நிறம் அங்கேதான் தெரியும். கழற்றிய உறையைக் குப்பையில் போடாமல், சீட்டு எழுதிக் கட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இந்த வேலை தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன. பழைய இருக்கைகளில் குதிரைமுடியும் தேங்காய் நாரும் அடைத்திருப்பார்கள். அதைப் பிரித்து, உதறி, மறுபடி அதே உயரத்துக்குத் திணிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஜே.சி. ரோட்டுப் பக்கம் தமிழும் கன்னடமும் உருதும் கலந்து பேசிக்கொண்டு சிலர் இருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஃபோம் கேட்டால் அவர்களும் ஃபோம்தான் வெட்டுவார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நம் சங்கக் குடும்பங்களில் குஷன் வேலை, மரவேலை செய்த மூத்தவர்கள் யாரேனும் இருந்தால், எந்த வண்டியில் என்ன அடைத்தார்கள், எப்படித் தைத்தார்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள். எழுத வராது என்றால் பிள்ளைகள் கேட்டு எழுதலாம்.