ஆண்டு விழாவும் ஐம்பது கேமராவும்

பள்ளி ஆண்டு விழாவில் குழந்தைகளின் நடனம் ஆரம்பித்ததும் அரங்கத்தில் முதலில் என்ன நடக்கிறது? கைதட்டல் என்று சொன்னால் நீங்கள் சமீபத்தில் எந்த ஆண்டு விழாவுக்கும் போகவில்லை என்று அர்த்தம். எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போகின்றன, ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் போனுக்கு மேல் தன் போனைத் தூக்குகிறார். அவருக்கும் பின்னால் இருப்பவர் நாற்காலி மேல் ஏறுகிறார். ஏழெட்டு அப்பாக்கள் மேடைக்கு அடியிலேயே போய் நின்றுகொள்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பாட்டு முடிகிறது, ஐம்பது வீடியோ தயார். அதில் ஒன்றைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதுதான் வேடிக்கை.

வேடிக்கை என்று எல்லோராலும் சொல்லிவிட முடியாது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஓர் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். லீவு கிடைக்கவில்லை. குழந்தை வீட்டில் ஒத்திகை பார்ப்பதை இரண்டு மாதமாகப் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தவர். விழா அன்று ராத்திரி வீடியோ வருகிறது. பாதித் திரையில் யாரோ ஒருவரின் தலை. மீதிப் பாதியில் முதல் வரிசைக் குழந்தைகள். மூன்றாவது வரிசையில் ஆடிய அவருடைய பெண்ணின் வலது கை மட்டும் அவ்வப்போது வந்து போகிறது. "நான் எங்க இருக்கேன்னு தெரியுதாப்பா?" என்று குழந்தை கேட்டால் அவர் என்ன சொல்வார்? "நல்லா தெரியுதுடா கண்ணு" என்றுதான் சொல்வார். பாவம்.

ஹேண்டிகேம் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கல்யாண வீடியோ எடுப்பவரையே நடனத்துக்கும் கூப்பிட்டு, அவரும் கல்யாணம் மாதிரியே எடுத்துக் கொடுத்த கேசட்டுகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. குழந்தை தீர்மானத்தை முடித்துக் கம்பீரமாக நிற்கும், கேமரா அந்த நொடி பார்த்துச் சிறப்பு விருந்தினர் முகத்துக்குப் போய்விடும். திரும்பி வரும்போது குழந்தை தாமரைப்பூவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்!

இரண்டு காலத்திலும் தப்பு ஒன்றுதான். நடனத்தை முகத்தை வைத்து எடுப்பது. பரதநாட்டியத்தில் பாதி விஷயம் இடுப்புக்குக் கீழேதான் நடக்கிறது. அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரிந்திருக்கிறதா, தட்டடவில் பாதம் முழுசாக விழுகிறதா, நாட்டடவில் குதிகால் சரியாக ஊன்றுகிறதா... டீச்சர் பார்ப்பது இதைத்தான். முகமும் முத்திரையும் மட்டும் தெரிகிற வீடியோவில் குழந்தை ஆடியதா, நின்ற இடத்திலேயே கையை ஆட்டியதா என்று எப்படிச் சொல்வது? உச்சந்தலையிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும், பாதத்துக்குக் கீழே கொஞ்சம் மேடைத்தரையும் தெரிய வேண்டும். குழு நடனம் என்றால் இடக்கோடியில் நிற்கும் குழந்தையிலிருந்து வலக்கோடியில் நிற்கும் குழந்தை வரை. போனைப் படுக்கை வசத்தில் பிடித்தால்தான் இது முடியும்.

மேடைக்கு அடியில் போய் நிற்கும் அப்பாக்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிட்டப் போனால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பு. மேடை நெஞ்சு உயரத்தில் இருக்கும், அதன் விளிம்பில் பூந்தொட்டியும் மைக்கும் வரிசையாக இருக்கும். பாதம் எங்கே தெரியப்போகிறது? நல்ல இடம் அரங்கத்தின் நடுவில், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குக் கொஞ்சம் மேலே. அங்கே ஒரு ட்ரைபாட். அவ்வளவுதான்.

அடுத்தது வெளிச்சம். பின்னால் கறுப்புத் திரை, முன்னால் குழந்தை மேல் பளீரென்று விளக்கு. கேமராவை அதன் போக்கில் விட்டால் அது பெரிய கறுப்புத் திரையைப் பார்த்து 'இருட்டாக இருக்கிறதே' என்று மொத்தத்தையும் வெளிச்சமாக்கிவிடும். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும், கண்ணும் இருக்காது, அபிநயமும் இருக்காது. பெரும்பாலான போன்களில் குழந்தையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சத்தைப் பூட்டிவிடலாம். பிறகு கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும்.

சில வீடியோக்களில் திரை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடுமே, பார்த்திருப்பீர்கள். போன் ரிப்பேர் இல்லை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் பட்டைகள் போய்விடும்.

சத்தம்தான் எல்லோரும் மறக்கிற விஷயம். போனின் மைக்குக்கு முதலில் கேட்பது பக்கத்து நாற்காலி ஆன்ட்டியின் குரல், பிறகுதான் பாட்டு. சிலர் சாமர்த்தியமாக, எடுத்த வீடியோவின் மேல் ஒரிஜினல் பாட்டையே ஒட்டிவிடுகிறார்கள். கேட்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சலங்கை ஒலி போய்விடுமே! குழந்தை தாளம் தப்பாமல் ஆடியதற்கு இருக்கிற ஒரே காது சாட்சி அதுதான். சவுண்ட் சிஸ்டம்காரரிடம் கேட்டு மிக்ஸரிலிருந்து ஒரு பதிவு, மேடை ஓரத்தில் ஒரு சின்ன ரெக்கார்டர் வைத்து இன்னொரு பதிவு. இரண்டையும் சேர்த்தால் பாட்டும் இருக்கும், சலங்கையும் இருக்கும்.

இவ்வளவையும் ஐம்பது பெற்றோரும் தனித்தனியாகச் செய்ய முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. ஒரு நடனத்தில் 24 குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 300 ரூபாய் போட்டால் 7,200 ரூபாய். அந்தத் தொகைக்குள் வேலை தெரிந்த ஒருவரைப் பேசிப் பிடிக்கலாம். ஆளே கிடைக்காவிட்டால், கை நடுங்காத ஒரு மாமாவை ட்ரைபாடோடு நடுவில் நிறுத்தினாலும் போதும். பணம் போடாதவரும் வீடியோவை வாங்கிக்கொள்வாரே என்ற கவலை எப்போதும் வரும். வாங்கிக்கொள்ளட்டுமே! காமர்ஸ் புத்தகப்படி இது நஷ்டக் கணக்கு. ஆனால் ஒரு பிரதி கூடுதலாகப் போவதால் மற்ற 23 பேருடைய வீடியோ தேய்ந்துவிடப் போவதில்லை.

"என் பிள்ளையோட க்ளோசப் எனக்கு வேணுமே?" என்று ஓர் அம்மா கேட்டால் அது நியாயமான கேள்விதான். முந்தின நாள் டிரெஸ் ரிகர்சலில் எடுத்துக்கொள்ளலாம். அன்று மேடைக்குப் பக்கத்தில் போனாலும் யாரும் திட்டமாட்டார்கள். விழா நேரத்தில் மட்டும் போன் பைக்குள் இருக்கட்டும். ஏனென்றால் மேடையிலிருந்து குழந்தை தேடுவது கேமராவை இல்லை. விளக்கு கண்ணைக் கூசினாலும் முதல் சில வரிசைகளில் அம்மா முகம் எங்கே என்றுதான் அது பார்க்கும். ஐம்பது போன்களின் முதுகு தெரிந்தால் அது யாரைப் பார்த்துச் சிரிக்கும்?

எடுத்த பிறகு வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி, பட்ட பாட்டையெல்லாம் கெடுத்துவிடும். ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச்சேரும். இரண்டு இடத்தில் வைத்திருப்பதும் அவசியம். கேசட் பத்திரமாக இருக்கிறது என்று இருந்தவர்களுக்கு அதைப் போட்டுப் பார்க்க மெஷின் இல்லாமல் போனது. விஎச்எஸ் பிளேயர் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று டான்ஸ் டீச்சரிடம். அடுத்த வகுப்பில் அதைப் போட்டுக் காட்டி, மூன்றாவது வரிசையில் யார் அரைமண்டியில் உட்காரவே இல்லை என்று அவர் கண்டுபிடித்துவிடுவார் :-)